புவிண்டி கொரில்லா டிராக்கிங்: 800 டாலர் பெர்மிட்டும் ஒரு சாதாரணச் சளியும்

உகாண்டாவின் புவிண்டி காடு இப்போது நமக்கு எட்டாத தூரத்தில் இல்லை. சென்னையிலிருந்து அடிஸ் அபாபா வழியாக என்டெபே போய்விடலாம். 2023 அக்டோபரிலிருந்து மும்பை–என்டெபே நேரடி விமானமும் ஓடுகிறது. அங்கே டிராக்கிங் போய், அதாவது காட்டுக்குள் தடம்பிடித்துப் போய், மலைக் கொரில்லாக்களைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் எழுதும் விமர்சனங்களில் பாதை எவ்வளவு செங்குத்து, லாட்ஜில் வெந்நீர் வருமா, சைவச் சாப்பாடு கிடைக்குமா என்பதெல்லாம் விவரமாக இருக்கும். இந்த விமர்சனம் பார்ப்பது வேறு. நாம் சுமந்துகொண்டு போகும் வைரஸ் அந்த விலங்குக்குத் தொற்றாமல் இருக்க இந்தச் சேவை என்ன செய்கிறது, எங்கே கோட்டை விடுகிறது, மிச்சத்தைப் பயணி எப்படி ஈடுகட்டுவது என்பதைத்தான் இங்கே பேசுகிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். காசு கொடுத்து வாங்கத் தகுந்த சேவை. விதிகள் யோசித்து வகுக்கப்பட்டவை. ஆனால் அந்த விதிகள் நடைமுறையில் நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் பயணியின் கையில்தான் இருக்கிறது. தொண்டை கரகரக்கிற காலையில் பெர்மிட்டைக் கைவிட்டு லாட்ஜிலேயே உட்கார மனம் வராது என்று நினைப்பவர், அருள்கூர்ந்து இதை வாங்க வேண்டாம்.

பெர்மிட்டில் என்ன கிடைக்கிறது? வெளிநாட்டுப் பயணிக்கு 2024 ஜூலை முதல் 800 அமெரிக்க டாலர். உகாண்டா வனவிலங்கு ஆணையம் வழங்குகிறது. பயண முகவர் வழியாகவே பெரும்பாலோர் வாங்குகிறார்கள். மனிதருக்குப் பழக்கப்படுத்தப்பட்ட ஒரு கொரில்லாக் குடும்பத்தை, ஒரு நாளில் அதிகபட்சம் 8 பேர், ஒரே ஒரு மணி நேரம் பார்க்கலாம். 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அனுமதி இல்லை. புஹோமா, ருஹிஜா, ருஷாகா, ன்குரிங்கோ என்று நான்கு பகுதிகள்; எந்தப் பகுதிக்குப் பெர்மிட் எழுதியிருக்கிறதோ அங்கேதான் போக வேண்டும் என்பதால், பெர்மிட்டைப் பார்த்த பிறகே லாட்ஜைப் பதிவு செய்யுங்கள். பகுதிகளுக்கு இடையே மலைப்பாதையில் மணிக்கணக்கில் ஆகும்.

இந்த எண்கள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் நோய் இருக்கிறது. 8 பேர் என்பது மூச்சுவிடும் மூக்குகளின் எண்ணிக்கைக்குப் போட்ட வரம்பு. ஒரு மணி நேரம் என்பது வைரஸ் வெளிப்படும் நேரத்துக்குப் போட்ட வரம்பு. 15 வயது என்பதற்குப் பாதுகாப்புக் காரணங்களோடு, குழந்தைகளிடம்தான் சளி, தட்டம்மை போன்றவை அதிகம் சுற்றிக்கொண்டிருக்கும் என்பதும் காரணம். அப்படியும் கணக்குப் போட்டுப் பாருங்கள்: வருடம் முழுவதும் எல்லா இடமும் நிரம்பினால் ஒரே குடும்பத்தின் முன்னால் 2,920 பேர் வந்து நிற்கிறார்கள். அதில் பலர் உலகத்தின் வெவ்வேறு மூலைகளிலிருந்து, ஒன்றிரண்டு விமான நிலையங்களைக் கடந்து, இரண்டு மூன்று நாளுக்குள் வந்தவர்கள்.

சாதாரணச் சளிக்கு இவ்வளவு கட்டுப்பாடா என்று கேட்பவர்களுக்கு நடந்தவற்றைச் சொல்ல வேண்டும். 2009-இல் ருவாண்டாவின் ஹிர்வா குடும்பத்தில் இருந்த 12 மலைக் கொரில்லாக்களில் 11 சளி, இருமலோடு நோயுற்றன. ஒரு பெண் கொரில்லாவும் ஒரு பச்சிளம் குட்டியும் இறந்தன. இறந்த உடல்களில் கிடைத்தது மனித மெட்டாநியூமோ வைரஸ். நம் வீட்டுக் குழந்தைகளுக்கு இருமலும் மூக்கொழுகலும் தந்து ஒரு வாரத்தில் போய்விடுகிற கிருமி அது. ஐவரி கோஸ்ட்டில் 'தாய்' என்ற பெயருள்ள காட்டில் 1999, 2004, 2006 ஆண்டுகளில் சிம்பன்சிகள் நிமோனியாவில் செத்தபோது, அங்கும் கிடைத்தவை மனிதரின் மூச்சுப்பாதையைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. வைரஸும் இதே மெட்டாநியூமோ வைரஸும்தான். உகாண்டாவிலேயே, கிபாலே காட்டின் ங்கோகோ பகுதியில் 2016 இறுதியில் தொடங்கிய மெட்டாநியூமோ பரவலில் 205 சிம்பன்சிகள் கொண்ட கூட்டத்தில் 25 இறந்தன.

அதே கிபாலேவில், கன்யவாரா கூட்டத்தில் 2013-இல் நடந்தது இன்னும் கவனிக்க வேண்டியது. 56 சிம்பன்சிகளில் 5 இறந்தன. காரணம் ரைனோவைரஸ் சி. வயது வந்த மனிதருக்கு இது மூக்கடைப்புக்கு மேல் பெரிதாக எதுவும் செய்யாது. செல்லின் மேற்பரப்பில் இருக்கும் சி.டி.எச்.ஆர்.3 என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டுதான் இந்த வைரஸ் உள்ளே நுழைகிறது. அந்தப் புரதத்தில் எளிதாகத் தொற்றும் வகை ஒன்று உண்டு. மனிதரில் சிறுபான்மையினரிடமே அது இருக்கிறது. சோதித்த சிம்பன்சிகள் அத்தனையிடமும் அந்த வகைதான் இருந்தது. நமக்கு மூக்கடைப்பாகப் போவது அவற்றுக்கு உயிர்ப் பிரச்சினையாக மாறுவது இப்படித்தான். முன்பு தொற்றிய அனுபவம் இல்லாததால் எதிர்ப்பாற்றலும் கிடையாது. வைரஸ் நுரையீரலைப் புண்ணாக்கிய பிறகு நிமோக்காக்கஸ் போன்ற பாக்டீரியா ஏறிக்கொள்கிறது. கால்நடை மருத்துவர் தூரத்திலிருந்து ஊசித் துப்பாக்கியால் ஆன்டிபயாடிக் எய்து காப்பாற்ற முயல்வது இந்த இரண்டாவது தொற்றிலிருந்துதான். வைரஸுக்கு மருந்து இல்லை.

2018 கணக்கெடுப்பில் புவிண்டியிலும் அதையொட்டிய சரம்ப்வேயிலுமாக 459 கொரில்லாக்கள். விருங்கா எரிமலைத் தொடரில் உள்ளவற்றையும் சேர்த்தால் உலகத்திலேயே 1,063. ஒரு பெண் கொரில்லா ஏறக்குறைய நான்கு வருடத்துக்கு ஒரு குட்டிதான் ஈனும். ஒரு குடும்பத்தில் இரண்டு தாய்கள் இறந்தால் அந்த இழப்பை மீட்கப் பத்து வருடம்கூடப் போதாமல் போகலாம்.

கொரோனா காலத்தில் இது வெறும் அச்சம் இல்லை என்று எல்லோருக்கும் புரிந்தது. 2021 ஜனவரியில் அமெரிக்காவின் சான் டியாகோ சஃபாரி பூங்காவில் கொரில்லாக்களுக்குத் தொற்று உறுதியானது. அதே ஆண்டு ஜூனில் நம் வண்டலூர் உயிரியல் பூங்காவில் சிங்கங்களுக்குத் தொற்றி, நீலா என்ற பெண் சிங்கமும் பத்மநாதன் என்ற ஆண் சிங்கமும் இறந்தன. போபால் ஆய்வகம் மரபணுவைப் பார்த்தபோது, அப்போது மனிதரிடையே ஓடிக்கொண்டிருந்த டெல்டா வகையே அங்கும் இருந்தது. பார்வையாளருக்குக் கதவு மூடியிருந்த நேரம் அது. உயிரியல் பூங்காவிலாவது கூண்டு உண்டு, தனிமைப்படுத்தலாம், குளுக்கோஸ் ஏற்றலாம். காட்டுக் கொரில்லாவை எங்கே கொண்டுபோய்த் தனிமைப்படுத்துவது?

இனி, சேவை நடக்கும் விதம். காலை 7 மணி சுமாருக்குப் பகுதி அலுவலகத்தில் கூட வேண்டும். பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பதிவு செய்வார்கள். கை கழுவ வேண்டும். நெற்றியில் வெப்பமானி வைத்துப் பார்ப்பார்கள். காலணியைக் கிருமிநாசினித் தொட்டியில் நனைக்கச் சொல்வார்கள். பிறகு ரேஞ்சர் விதிகளை விளக்குவார். இதற்குள் டிராக்கர்கள் காட்டுக்குள் போய், முந்தைய இரவு கொரில்லாக்கள் படுத்த கூடுகளிலிருந்து தடம்பிடித்துப் போய்க்கொண்டிருப்பார்கள். உங்கள் குழு அரை மணியிலும் சேரலாம், ஆறு மணி நேரத்திலும் சேரலாம். கொரில்லாக்கள் பக்கத்தில் இருக்கின்றன என்றதும் பைகள், கைத்தடிகள், தண்ணீர் பாட்டில்கள் எல்லாவற்றையும் போர்ட்டர்களிடம் விட்டுவிட்டு, மாஸ்க் அணிந்துகொண்டு கேமராவோடு மட்டும் முன்னே போக வேண்டும். அந்த நிமிடத்திலிருந்துதான் ஒரு மணி நேரம் ஓடத் தொடங்குகிறது.

இவற்றில் விளக்கவுரைக்கு நல்ல மதிப்பெண். ஆங்கிலம் தெளிவாக இருக்கிறது, காரணத்தோடு சொல்கிறார்கள். பை, தடி விட்டுவிட்டுப் போகும் விதி சிறியதாகத் தோன்றினாலும் முக்கியமானது. குட்டிகள் கையில் கிடைத்ததை எடுத்து வாயில் வைக்கும். வியர்த்த கை பிடித்த தடியும், பாதி தின்ற சாக்லேட் உறையும், மூக்குத் துடைத்த டிஷ்யூவும் அவற்றுக்கு விளையாட்டுப் பொருள். காட்டில் இயற்கை உபாதைக்குப் போக வேண்டியிருந்தால் ரேஞ்சரிடம் சொல்லுங்கள். 30 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டிக் கொடுத்து மூடச் சொல்வார். கூச்சப்பட்டுக்கொண்டு புதரோரம் ஒதுங்குவது தவறு. காறித் துப்புவதும் அப்படியே. மேடு ஏறும்போது தொண்டையில் சளி திரண்டு துப்பத் தோன்றும். நம்மூர்ப் பழக்கத்தில் யோசிக்காமல் துப்பிவிடுவோம். டிஷ்யூவில் துப்பி ஜிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

வெப்பமானிச் சோதனையை நம்ப வேண்டாம். ரைனோவைரஸ் தொற்றிய பெரியவர்களுக்குப் பெரும்பாலும் காய்ச்சலே வராது. பாராசிட்டமால் ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தவரையும் அது பிடிக்காது. புவிண்டி 1,160 மீட்டரிலிருந்து 2,600 மீட்டர் வரை ஏறும் மலை. ருஹிஜா போன்ற உயரமான இடங்களில் காலைக் குளிரில் நெற்றித் தோல் சில்லென்று இருக்கும், கருவி குறைத்தே காட்டும். காலணித் தொட்டியிலும் ஒரு சூட்சுமம். முந்தைய நாள் சேறு அப்பிய காலணியை அப்படியே நனைத்தால் மருந்து சேற்றிலேயே செலவாகிவிடும்; கிருமி அடியில் பத்திரமாக இருக்கும். முதல் நாள் இரவே பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவிக் காயவைத்துக் கொண்டுவந்தால்தான் அந்தத் தொட்டியால் பயன் உண்டு.

சேவையின் பெரிய ஓட்டை தூரம். முன்பு 5 மீட்டர் என்று இருந்தது. 1999-இல் 7 மீட்டர் என்று பரிந்துரைத்தார்கள். காற்றில்லாத இடத்தில் தும்மலின் துளிகள் 6 மீட்டர் வரை போகலாம், அதற்கு மேல் ஒரு மீட்டர் கூடுதல் பாதுகாப்பு என்பது கணக்கு. கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் மூடி, செப்டம்பரில் மீண்டும் திறந்தபோது 10 மீட்டர் ஆனது. மாஸ்க்கும் கட்டாயம் ஆனது. 10 மீட்டர் என்பது நம் மாநகரப் பேருந்தின் நீளத்தைவிடக் கொஞ்சம் குறைவு. மனத்தில் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் காட்டில் நடப்பது வேறு. 7 மீட்டர் விதி இருந்த காலத்தில் புவிண்டியில் 53 டிராக்கிங் பயணங்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார்கள். 98 சதவீதத்தில் விதி மீறப்பட்டிருந்தது. மீறல்களில் ஏறக்குறைய 60 சதவீதம் மனிதர் நெருங்கிப் போனதால், 40 சதவீதம் கொரில்லா நெருங்கி வந்ததால். அதற்கு முன்பு நடந்த இன்னொரு ஆய்வில் சராசரி இடைவெளி 2.76 மீட்டர்தான். இன்ஸ்டாகிராமில் பயணிகள் போட்ட 858 கொரில்லாப் படங்களை 2021-இல் வெளியான ஆய்வு அலசியது. பெரும்பாலானவற்றில் மனிதர் 4 மீட்டருக்குள் இருந்தார்கள். விதி தாளில் இருக்கிறது, படம் இன்ஸ்டாகிராமில் இருக்கிறது.

ஏன் இப்படி நடக்கிறது என்று பார்த்தால் மூன்று காரணங்கள் தெரிகின்றன. முதலாவது, காடு. 10 மீட்டர் தள்ளி நின்றால் இடையில் இலையும் கொடியும் மறைக்கும். ரேஞ்சர் அரிவாளால் கொஞ்சம் வெட்டி வழிவிடுவார், எட்டிப் பார்க்க ஒருவர் முன்னே போவார், அவருக்குப் பின்னால் ஏழு பேரும் நகர்வார்கள். செங்குத்துச் சரிவில் பின்வாங்க இடமே இருக்காது. இரண்டாவது, டிப்ஸ். படம் நன்றாக அமைந்தால் கையில் நல்ல தொகை கிடைக்கும் என்று ரேஞ்சருக்குத் தெரியும். இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போகலாமா என்று எட்டுப் பேர் கேட்கும்போது மறுப்பது அவருக்குக் கஷ்டம். இதற்கு எளிய வழி உண்டு. புறப்படும்போதே, "எங்களுக்கு 10 மீட்டர் போதும், நாங்கள் நெருங்கினால் தயங்காமல் பின்னால் இழுங்கள், டிப்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை" என்று குழுவின் முன்னால் சொல்லிவிடுங்கள். ஒருவர் சொன்னால் மற்றவர்களும் கட்டுப்படுவார்கள். ரேஞ்சரும் நிம்மதியாக வேலை செய்வார்.

மூன்றாவது காரணம் கைபேசி, அதுதான் இருப்பதிலேயே எளிதாகத் தீர்க்கக்கூடியது. கைபேசியின் முதன்மைக் கேமரா ஏறக்குறைய 26 மி.மீ. லென்ஸுக்குச் சமம். 10 மீட்டரில் அது கிட்டத்தட்ட 14 மீட்டர் அகலத்தைப் படம்பிடிக்கும். அதில் ஒன்றரை மீட்டர் உயர சில்வர்பேக் (முதுகு வெளுத்த, வளர்ந்த ஆண் கொரில்லா) ஒரு கரும்புள்ளி. அதனால்தான் கால் தானாக முன்னே போகிறது. 3 மடங்கு ஜூம் உள்ள கைபேசியில் அதே தூரத்தில் அகலம் ஏறக்குறைய 4.7 மீட்டர், 5 மடங்கில் 3 மீட்டர் அளவு. கேமரா கொண்டுபோனால் 70–200 லென்ஸ் போதும்: முழு ஃபிரேம் கேமராவில் 200 மி.மீ.யில் சட்டகம் 1.8 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் உயரம். உட்கார்ந்திருக்கும் சில்வர்பேக் முழுதாக நிறைந்துவிடும். காட்டுக்குள் வெளிச்சம் குறைவு, ஃபிளாஷ் கூடாது, எஃப் 2.8 லென்ஸ் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ஐ.எஸ்.ஓ. 3200-க்கு ஏற்றத் தயங்காதீர்கள். லென்ஸ் இல்லாதவர்கள் சிறிய பைனாகுலர் ஒன்று வாங்கிக்கொண்டு போகலாம். 800 டாலர் பெர்மிட் எடுப்பவருக்கு இது பெரிய செலவில்லை, கொரில்லாவின் கண்ணிமையைக்கூட நெருங்காமல் பார்க்கலாம்.

கொரில்லா தானாக நெருங்கி வந்தால்? குட்டிகள் வேடிக்கை பார்க்க வரும். உட்கார்ந்து கை நீட்டாதீர்கள், பேசாதீர்கள், ஓடவும் கூடாது. முகத்தை ஒருபுறமாகத் திருப்பி, மெதுவாகப் பக்கவாட்டில் அல்லது பின்னால் நகருங்கள். ரேஞ்சர் சொல்கிற திசையில் எட்டுப் பேரும் ஒன்றாக நகர வேண்டும். சிதறி நின்றால் விலங்கைச் சுற்றி வளைத்ததுபோல் ஆகிவிடும், அதற்கு எந்தப் பக்கமும் 10 மீட்டர் கிடைக்காது. "அது தொட்டுவிட்டுப் போனது" என்று பெருமையாகப் போடும் வீடியோ, நோய் தெரிந்தவர்கள் பார்த்தால் நெஞ்சு பதறும் வீடியோ.

மாஸ்க் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நன்றாகப் பொருந்தும் என்95 மூன்று கொண்டுபோங்கள், தனித்தனி ஜிப் பையில். மேடு ஏறும்போது அணிந்தால் வியர்வையில் நனைந்துவிடும். நனைந்த மாஸ்க்கில் மூச்சு முட்டும், ஓரங்களில் காற்று ஒழுகும், மனிதர் கை தானாக அதை மூக்குக்குக் கீழே இறக்கும். பையை இறக்கிவைக்கும் இடத்தில், முகத்தைத் துடைத்துக்கொண்டு, காய்ந்த புது மாஸ்க்கை அணியுங்கள். வால்வு வைத்த மாஸ்க் கூடவே கூடாது. அது அணிந்தவரைக் காப்பாற்றும், மூச்சை வடிகட்டாமல் வெளியே விடும். இங்கே காப்பாற்ற வேண்டியது எதிரே இருப்பவரை. கண்ணாடி அணிபவர்களுக்கு ஆவி படிந்து எதுவும் தெரியாது. மூக்கின் மேல் மாஸ்க் ஓரத்தில் மருத்துவ டேப் ஒரு துண்டு ஒட்டினால் சரியாகிவிடும். தாடி வைத்திருப்பவர்களுக்கு என்95 சரியாக ஒட்டாது என்பதையும் சொல்ல வேண்டும். தும்மல் வந்தால் மாஸ்க்கைக் கழற்றித் தும்மும் பழக்கம் பலருக்கு உண்டு. மாஸ்க்கோடு, முழங்கை மடிப்பில், கொரில்லாவுக்கு முதுகு காட்டித் தும்முங்கள். நனைந்ததை மாற்றிக்கொள்ள அடுத்தது இருக்கிறதல்லவா.

பயணத் திட்டத்திலும் நோய்க்கணக்கைப் பாருங்கள். வைரஸ் உடம்புக்குள் போன நாளிலிருந்து அறிகுறி தெரியும் நாள் வரை இன்ஃப்ளூயன்ஸாவுக்கு 1 முதல் 4 நாள், மெட்டாநியூமோவுக்கு 3 முதல் 6 நாள், ஆர்.எஸ்.வி.க்கு 2 முதல் 8 நாள். பயண முகவர்கள் விற்கும் மூன்று நாள் பேக்கேஜில் முதல் நாள் இறங்கி, 8 முதல் 10 மணி நேரம் வண்டியில் போய், இரண்டாம் நாள் டிராக்கிங். விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் தந்த கிருமி பெருகிக்கொண்டிருக்கும், மூக்கில் இன்னும் எதுவும் தெரியாது. இந்தப் பேக்கேஜை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். முதலில் மர்ச்சிசன் அருவி, குயின் எலிசபெத் பூங்கா என்று ஐந்தாறு நாள் சுற்றிவிட்டுக் கடைசியில் புவிண்டி வருகிறபடி அமைத்துக்கொள்ளுங்கள். செலவு கூடும், உண்மைதான். ஆனால் விமானத்தில் தொற்றியது எதுவாக இருந்தாலும் பெரும்பாலும் அதற்குள் தெரிந்துவிடும். விமானத்திலும் விமான நிலையத்திலும் மாஸ்க் அணிவது இந்தத் திட்டத்தின் பகுதிதான்.

தடுப்பூசிகளில் மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்றிதழ் இல்லாமல் உகாண்டா போய்வர முடியாது. திரும்பி வரும்போது நம் விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்திவிடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். போட்ட 10 நாளுக்குப் பிறகே சான்றிதழ் செல்லும். அது நம்மைக் காக்க. கொரில்லாவைக் காக்க இன்ஃப்ளூயன்ஸா ஊசியைப் பயணத்துக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பு போட்டுக்கொள்ளுங்கள். தட்டம்மைக்கு எதிர்ப்பாற்றல் இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்டு, இல்லையென்றால் எம்.எம்.ஆர். போடுங்கள். அதுவும் மஞ்சள் காய்ச்சல் ஊசியும் உயிருள்ள வைரஸ் ஊசிகள் என்பதால் இரண்டுக்கும் நடுவே நான்கு வாரம் விடுவது நல்லது. ஆக இரண்டு மாதம் முன்பே தொடங்க வேண்டும். தட்டம்மை சும்மா சொல்லவில்லை: 1988-இல் ருவாண்டாப் பக்கத்து மலைக் கொரில்லாக்களிடம் மூச்சுநோய் பரவி 6 பெண் கொரில்லாக்கள் இறந்தபோது, தட்டம்மை என்று சந்தேகித்துக் காட்டுக் கொரில்லாக்களுக்கே தடுப்பூசி எய்தார்கள்.

பணம் திரும்பக் கிடைப்பதில்தான் இந்தச் சேவையின் மேல் எங்களுக்கு வருத்தம். நோய் இருக்கிறது என்று தானாகச் சொல்கிறவரைக் காட்டுக்குள் விடமாட்டார்கள், அது சரி. அப்படிச் சொல்கிறவருக்கு எந்தத் தயக்கமும் இல்லாமல் முழுப் பணமும், அல்லது வேறு தேதியும் தருவது எல்லா முகவரும் செய்ய வேண்டிய காரியம். உண்மை சொன்னவருக்கு நஷ்டமும் மறைத்தவருக்குக் கொரில்லாவும் கிடைக்கிற ஏற்பாட்டில் வெப்பமானியால் என்ன செய்ய முடியும்? பதிவு செய்யும்போதே மூன்று கேள்விகளைக் கேட்டு மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள்: காலையில் சளி இருந்தால் எவ்வளவு திரும்பும்? இரண்டு நாள் தள்ளிப்போட முடியுமா? குழுவில் ஒருவர் விலகினால் மற்றவர்கள் போகலாமா? பயணக் காப்பீடு எடுக்கும்போது, உடல்நலக் காரணத்தால் முன்பதிவு ரத்தாவது பெர்மிட் தொகையையும் சேர்க்கிறதா என்று பாருங்கள். சேர்க்க வேண்டுமானால் மருத்துவர் சான்று தேவைப்படும். இதற்கெல்லாம் மழுப்புகிற முகவரை விட்டுவிட்டு அடுத்தவரைத் தேடுங்கள்.

1,800 டாலருக்கு "பழக்கப்படுத்தும் அனுபவம்" என்று ஒன்றும் ருஷாகாவில் விற்கிறார்கள். நான்கு பேர், நான்கு மணி நேரம், இன்னும் மனிதருக்கு முழுதாகப் பழகாத குடும்பம். நாங்கள் இதை வாங்கச் சொல்ல மாட்டோம். வெளிப்படும் நேரம் நான்கு மடங்கு. அதுவும் மன அழுத்தத்தில் இருக்கும் விலங்குகளிடம். நான்கு மணி நேரமும் மாஸ்க்கை ஒழுங்காக அணிந்திருப்பவர்கள் அரிது.

ருவாண்டாவில் இதே ஒரு மணி நேரம் 1,500 டாலர். பாதைகள் எளிது, என்டெபே–புவிண்டி போன்ற நீண்ட சாலைப் பயணம் இல்லை. அதிக விலை கொடுத்ததால் வைரஸ் குறைந்துவிடாது. தூரமும் மாஸ்க்கும் அங்கும் உங்கள் பொறுப்பே.

பயணிகளைத் தடுத்துவிட்டால் கொரில்லா பிழைக்காதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 2020-இல் சுற்றுலா நின்றபோது, ஜூன் மாதத்தில் ன்குரிங்கோ குடும்பத்தின் தலைவனான ரஃபிகி என்ற சில்வர்பேக் வேட்டைக்காரனின் ஈட்டிக்கு இரையானான். குற்றவாளிக்கு 11 வருடச் சிறை. டிராக்கர் சம்பளம், ரோந்து, சுற்றியுள்ள ஊர்களுக்கான பங்கு எல்லாம் பெர்மிட் பணத்தில்தான் நடக்கிறது. தவிர, நோய் பயணியிடமிருந்து மட்டும் வருவதில்லை. கொரில்லாக்கள் வாழைத்தோப்புக்கு வருகின்றன. ஊர்மக்களின் துணியை, குப்பையைத் தொடுகின்றன. 1996-இல் புவிண்டியில் ஒரு குடும்பத்துக்குச் சிரங்கு வந்து குட்டி ஒன்று இறந்தது. அது வைரஸ் இல்லை, பூச்சி, ஆனால் வந்த வழி மனிதர்தான் என்று கருதப்படுகிறது. அப்போது சிகிச்சையில் ஈடுபட்ட கால்நடை மருத்துவர் கிளாடிஸ் கலேமா-சிகுசோகா பிறகு 2003-இல் தொடங்கிய அமைப்பு, ஊர்மக்களின் ஆரோக்கியத்தையும் கொரில்லாவின் ஆரோக்கியத்தையும் சேர்த்தே கவனிக்கிறது. அவர்கள் அந்தப் பகுதி விவசாயிகளிடமிருந்து வாங்கி விற்கும் காப்பித்தூள் அங்கே கிடைக்கும். நினைவுப்பொருள் கடையில் மர முகமூடி வாங்குவதற்குப் பதில் இதை வாங்கலாம்.

போர்ட்டர் ஒருவரைக் கட்டாயம் அமர்த்திக்கொள்ளுங்கள், 15 முதல் 20 டாலர் ஆகும். ஊருக்கு வருமானம் என்பதோடு, மூச்சு வாங்காமல் மேலே போய்ச் சேருவீர்கள். இரைக்க இரைக்க நிற்பவரால் மாஸ்க்கை மூக்கில் வைத்திருக்க முடியாது. அவருக்கும் ஒரு மாஸ்க் கொடுங்கள்.

டிராக்கிங் முடிந்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது, இதை எந்த முகவரும் சொல்வதில்லை. பார்த்த குடும்பத்தின் பெயரையும் தேதியையும் குறித்துவையுங்கள். அடுத்த ஒரு வாரத்துக்குள் காய்ச்சல், இருமல், உடம்பில் தடிப்பு எது வந்தாலும் முகவருக்கும் வனவிலங்கு ஆணையத்துக்கும் உடனே எழுதுங்கள். சோதனை செய்திருந்தால் எந்த வைரஸ் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். டிராக்கர்கள் தினமும் அந்தக் குடும்பத்தைப் பார்க்கிறார்கள். எதைத் தேட வேண்டும் என்று தெரிந்தால், மூக்கொழுகலையும் இருமலையும் முதல் நாளே கவனித்து மருத்துவரை அழைப்பார்கள்; அந்தக் குடும்பத்துக்குப் பயணிகளை அனுப்புவதையும் சில நாள் நிறுத்திவைக்கலாம்.